ஊமை என்று எழுதப்பட்டவர்கள்

எங்கள் பள்ளியின் பழைய அலமாரியில் சேர்க்கைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. கறையான் அரித்தது போக எஞ்சிய ஏடுகளில், மாணவன் பெயர், தகப்பன் பெயர், லயத்தின் எண், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம் என்று பத்தி பிரித்து எழுதியிருக்கிறார்கள். காரணப் பத்தியில் பெரும்பாலும் ‘தோட்டம் மாறினர்’, ‘வேலைக்குச் சென்றான்’, ‘ஊர் திரும்பினர்’ என்றே காணப்படும். இரண்டே இடங்களில் மட்டும் ஒற்றைச் சொல் நிற்கிறது: ‘ஊமை’. ஒன்று ஆண் குழந்தை, மற்றொன்று பெண். இருவரும் சேர்ந்து ஒரு திங்களுக்குள் நின்றுவிட்டனர்.

அந்தச் சொல் சரியானதுதானா என்ற ஐயமே இக்கட்டுரைக்கு வித்து. நாவிலோ தொண்டையிலோ குறை இருந்து, அதனால் பேச முடியாமற் போகும் குழந்தை மிக அரிது. பேச்சு வராமைக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், நம் முன்னோர் ‘ஊமை’ என்று ஒதுக்கிய குழந்தைகளுள் பெரும்பாலோர் காது கேளாதவர்களே. பேச்சு என்பது செவி வழியே வந்து நாவில் அமர்வது. கேளாத ஒலியைக் குழந்தை எவ்வாறு திருப்பிச் சொல்லும்? காரியத்தின் பெயரைச் சூட்டிக் காரணத்தை மறந்துவிட்டோம்.

இம்மறதி இன்று நேற்று வந்ததன்று. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மக்கட் பிறப்பில் நேரும் எட்டு வகைக் குறைகளை எண்ணிக் காட்டுகிறார். அங்கே ஊமையும் செவிடும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஒன்று மற்றொன்றின் விளைவு என்ற எண்ணம் அங்கே தோன்றவில்லை. புலவரைக் குறை கூறுவதற்கில்லை. ஐரோப்பியரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணிவந்தனர். மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், மதுரையில் தான் ஏற்று வந்த பிச்சையைப் பகிர்ந்து ஊட்டியவர்களுள் கண்ணில்லாதவரோடு காது கேளாதவரும் உண்டு. ஆகவே அவர்களுக்குச் சோறிடும் அறம் தமிழருக்குப் புதிதன்று. அவர்களுக்கு எழுத்தறிவிக்கலாம் என்பதுதான் பின்னால் வந்த செய்தி.

அச்செய்தி முதலில் செல்வர் வீட்டு வாயில் வழியாகவே வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் துறவி பெத்ரோ போன்சே தெ லியோன் என்பார், பிரபுக்களின் செவிட்டுப் பிள்ளைகளுக்குப் பேசவும் எழுதவும் கற்பித்தார். 18-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துப் பாதிரியார் தெ லெப்பே, ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு கைச்சைகையால் பாடம் நடத்தினார். பின் 1880-ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய செவிடர் கல்வி மாநாடு, சைகை வேண்டா, வாய்ப்பேச்சே வேண்டும் என்று முடிவு செய்தது. அம்மாநாட்டில் வாக்களித்தோர் ஏறத்தாழ அனைவரும் காது கேட்கும் ஆசிரியர்கள் என்பதை இங்கே குறித்துவைப்போம். அம்முடிவின் நிழல் முக்கால் நூற்றாண்டு கழித்துப் பினாங்குக் கடற்கரை வரை நீண்டது.

அதற்கு முன் தமிழ்நாட்டைப் பற்றி ஒரு சொல். 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளிலேயே பாளையங்கோட்டையில் புளோரன்சு சுவெயின்சன் என்ற ஆங்கில அம்மையார் காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். மிலான் முடிவு உலகெங்கும் ஓங்கியிருந்த அக்காலத்தில், அவ்வம்மையார் கைச்சைகைகளைப் பயன்படுத்தித் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார் என்பது வியப்புக்குரியது. அப்பள்ளி இன்றும் அவர் பெயரோடு விளங்குகிறது.

மலாயாவுக்கு அந்தக் காற்று வர நெடுநாள் ஆயிற்று. கண் தெரியாத குழந்தைகளுக்கென 1926-ஆம் ஆண்டிலேயே மலாக்காவில் செயின்ட் நிக்கலஸ் இல்லம் தோன்றியது. 1931-இல் அது பினாங்குக்கு மாறியது. காது கேளாத குழந்தைகளுக்கெனப் பெடரேஷன் செவிடர் பள்ளி பினாங்கில் ஏற்பட்டது 1954-ஆம் ஆண்டில். இடையே 28 ஆண்டுகள்! இரக்கம் இல்லாமையால் நேர்ந்த இடைவெளி என்று நான் கருதவில்லை. குருட்டுக் குழந்தையைத் தெருவில் போகிறவரும் காண்பார். செவிட்டுக் குழந்தையோ மற்றக் குழந்தைகளைப் போலவே ஓடும், சிரிக்கும், அழும். குறை கண்ணுக்குப் புலப்படாது.

இதற்குச் சான்றாக மருத்துவ வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். 1941-ஆம் ஆண்டில் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகள் திடீரெனப் பலராக வருவதைக் கண்டார். காத்திருந்த தாய்மார் கருவுற்ற தொடக்கத்தில் தங்களுக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதாகப் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்பார்கள். ரூபெல்லா என்னும் அந்நோய் கருவைத் தாக்கும் என்ற உண்மை அவ்வாறுதான் வெளிவந்தது. அதே நோய் செவியையும் கெடுக்கிறது என்பது எப்போது தெரிந்தது? குழந்தைகள் வளர்ந்து, பேச வேண்டிய வயதில் பேசாமல் நின்ற பிறகு, 1943-ஆம் ஆண்டளவில். கண்ணின் குறையைப் பிறந்தவுடன் கண்டார்கள். செவியின் குறையைக் காண ஈராண்டு ஆயிற்று. நம் நாட்டில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து தொடக்கப்பள்ளி முடிக்கும் பெண்பிள்ளைகளுக்கு இந்நோய்க்குத் தடுப்பூசி போட்டார்கள். ஆறாம் ஆண்டு மாணவியர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊசி தங்களுக்காக அன்று, இனிப் பிறக்கப் போகும் பிள்ளைகளின் கண்ணுக்கும் காதுக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கியதாக நினைவில்லை. நானும் விளக்கவில்லை.

இனி நம் பேராக் தோட்டங்களுக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சட்டம் தலைகளை எண்ணிற்று. அத்தலைகளில் உள்ள காதுகள் கேட்கின்றனவா என்று பார்க்க ஆள் இல்லை. பால்வெட்டும் தாய் விடியுமுன்பே பெரட்டுக்குப் புறப்பட்டுவிடுவாள். குழந்தை ஆயாக் கொட்டகையில் தூளியில் கிடக்கும். அங்கே அழுகிற குழந்தைக்குத்தான் கவனிப்பு. பெரட்டு மணிக்கும் இடிக்கும் விழிக்காமல் உறங்கும் குழந்தை ‘சமர்த்துப் பிள்ளை’. அந்தச் சமர்த்தின் பொருள் மூன்றாம் வயதில்தான் விளங்கும்.

சோதித்துப் பாராமலும் இல்லை. பேரனுக்குப் பேச்சு வரவில்லையே என்று பாட்டி கவலைப்பட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் பித்தளைத் தாம்பாளத்தைப் படீரென்று தட்டுவாள். பிள்ளை திரும்பிப் பார்க்கும். ‘காது நல்லாத்தான் கேட்குது, தாய்மாமனைப் போல லேட்டாப் பேசுவான்’ என்று முடிவாகிவிடும். தாம்பாளம் பலகைத் தரையை அதிர வைக்கிறது, காற்றை அசைக்கிறது, நிழல் விழுகிறது. இவற்றில் எதற்கும் குழந்தை திரும்பலாம். அன்றியும், பேரொலி மட்டும் கேட்டுப் பேச்சொலி கேளாத குழந்தைகளும் பலர் உண்டு.

பாட்டியின் சோதனையில் கருத்து சரி, கருவிதான் பிழை. 1944-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் யூயிங் தம்பதியர் அதே கருத்தை ஒழுங்குபடுத்தினர். ஏழெட்டு மாதக் குழந்தையைத் தாய் மடியில் நேராக உட்கார வைப்பார்கள். எதிரே ஒருவர் பொம்மையால் கவனத்தை ஈர்த்துச் சட்டென மறைப்பார். அந்நொடியில், குழந்தையின் கண்ணுக்கும் நிழலுக்கும் எட்டாத இடத்தில், பின்பக்கம் நிற்பவர் மிக மெல்லிய ஒலி ஒன்றை எழுப்புவார்: ஒரு சிறு கிலுகிலுப்பை, அல்லது ‘ஸ்ஸ்’ என்னும் ஓசை. கேட்கும் குழந்தை அத்திசைக்குத் திரும்பும். மின்சாரம் வேண்டா, பொறி வேண்டா. எந்தத் தோட்டத்து டிரெசரும் ஒரு நாளில் பழகிக்கொண்டிருக்கலாம். எங்கள் பக்கத்து லயங்களில் அதைக் கண்டதாகச் சொல்லும் முதியவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

பெரிய பிள்ளைகளைச் சோதிக்க மருத்துவர் இசைக்கவையைத் தட்டிக் காதருகிலும் காதின் பின்னெலும்பிலும் வைத்துப் பார்ப்பர். எலும்பின் வழியே நன்றாகவும் காற்றின் வழியே குறைவாகவும் கேட்டால், தடை நடுச்செவியில் இருக்கிறது என்பது பொருள். இரண்டும் குறைந்தால், பழுது உட்செவியிலோ நரம்பிலோ இருக்கும். ரின்னே என்ற ஜெர்மானியர் 1855-ஆம் ஆண்டில் சொன்ன முறை இது. 1920-களில் ஆடியோமீட்டர் என்னும் மின்கருவி வந்து, ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து வரைபடமாகத் தந்தது.

நடுச்செவியின் குறையே தோட்டங்களில் மிகுதி. சளி பிடித்து, அது செவிக்குள் ஏறி, செவிப்பறை ஓட்டையாகிச் சீழ் வடிவது. மழைக்காலத்தில் வகுப்பறைக்குள் நுழைந்தாலே அந்த நாற்றம் தெரியும். பையன்கள் தோட்டத்து ஆற்றிலும், கிந்தா வட்டாரத்தில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் குதித்துக் குளித்ததால் ஆறாத காது மேலும் ஆறாமற் போயிற்று. பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுவதும், கோழி இறகால் குடைவதும் வீட்டு வைத்தியம். பென்சிலின் வருவதற்கு முன், இச்சீழ் காதின் பின்னெலும்பிலும் மூளையிலும் பரவி உயிரையே வாங்கியதுண்டு. 1950-களில் ஜெர்மானிய மருத்துவர் இருவர் ஓட்டையான செவிப்பறையை ஒட்டிச் சீராக்கும் அறுவை முறையை வகுத்தனர். 1954-இல் அமெரிக்கர் ஆம்ஸ்டிராங், செவிப்பறையில் சிறு குழல் பொருத்தி உள்ளே தேங்கிய நீரை வற்றச் செய்தார். இவ்வகைக் குறை மருந்துக்கும் கத்திக்கும் கட்டுப்படுவது. கண்டுபிடிக்காமல் விட்டால்தான் படிப்பைக் கெடுப்பது.

கொய்னாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேரியா கொடுமை மிகுந்த நாளில் தோட்டத் தொழிலாளரைப் பெரட்டில் நிறுத்திக் கொய்னா குடிக்கச் செய்தார்கள். குடித்தவர் காதில் வண்டு ரீங்காரமிடும், கேள்வி மந்தமாகும். ‘கொய்னாதான் எங்கள் பிள்ளைகளைச் செவிடாக்கிற்று’ என்று கூறும் முதியோர் இன்னும் இருக்கிறார்கள். முழுதும் ஏற்பதற்கில்லை, கொய்னா தரும் மந்தம் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நீங்கிவிடும். காசநோய்க்கு 1940-களில் வந்த ஸ்டிரெப்டோமைசின் அவ்வாறன்று. அது உட்செவியின் மயிரணுக்களைக் கெடுத்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. உயிரைக் காத்துச் செவியை வாங்கிக்கொண்ட மருந்து அது.

உறவுக்குள் மணம் செய்யும் நம் வழக்கத்தையும் மறைப்பதற்கில்லை. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுக்கும் வழக்கத்தை மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சீர்திருத்தச் சட்டம்கூட இந்துக்களுக்கு விலக்காக அனுமதித்திருக்கிறது. பிறவிச் செவிட்டுக்குரிய மரபணு தாயிடமும் தந்தையிடமும் மறைந்திருந்தால், இருவருக்கும் காது நன்றாகக் கேட்டும், பிள்ளைக்குக் கேளாமற் போகலாம். தென்னிந்திய மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் செய்தி இது. உறவு மணம் செய்தோர் வீட்டிலெல்லாம் இது நேரும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு நேர்ந்த பின்னும் ‘கிரகம் சரியில்லை’ என்று இருப்பது பிழை.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியனாகி ஓரிரண்டு ஆண்டுகள்; 1990-களின் தொடக்கம். பயிற்சிக் கல்லூரியில் செவிக்குறை பற்றி ஒரே ஒரு பிற்பகல் பாடம் கேட்டிருந்தேன்; தேர்வுக்கு வராது என்று கவனம் வைக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு பையன். சொல்வதெழுதுதலில் ஒருநாள் எட்டு மதிப்பெண், மறுநாள் ஒன்று. கூப்பிட்டால் சில வேளை வருவான், சில வேளை அசையமாட்டான். ‘திமிர் பிடித்தவன்’ என்று முடிவு கட்டித் தலையில் குட்டியிருக்கிறேன். ஒருமுறை எனக்குத் தொண்டை கட்டிக் குரலே எழவில்லை. வகுப்பின் முன் நின்று, வெறும் காற்றாகவே சொற்களைச் சொன்னேன். பின்வரிசைப் பிள்ளைகள் ‘சார், கேட்கலை’ என்று கூச்சலிட்டார்கள். அவன் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். பத்தில் ஏழு சரி. பிழையான மூன்றும் ஒரே வகை: ‘மடம்’ என்றதைப் ‘படம்’ என்றும், ‘பாலை’ என்றதை ‘மாலை’ என்றும் எழுதியிருந்தான். பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும் அல்லவா? அவன் என் குரலை எந்த நாளும் கேட்டதில்லை, உதட்டைப் படித்திருக்கிறான். நான் சன்னல் பக்கம் திரும்பி நடந்துகொண்டே சொன்ன நாள்களில்தான் அவனுக்கு ஒன்றும் இரண்டும் மதிப்பெண்.

ஈப்போ பெரிய மருத்துவமனையில் சோதித்தார்கள். தாழ்ந்த சுருதியில் ஓரளவு கேட்கிறது. உயர்ந்த சுருதியில் இல்லை. பிறவியிலேயே உட்செவிக் குறை. நாம் வல்லினம் என்கிறோமே, அந்த ககர, சகர, தகரங்கள் செவிக்கு உண்மையில் மிக மெலிந்த ஒலிகள். மெல்லினமும் உயிரும்தான் ஒலியில் வலியன. இலக்கணம் நாவின் முயற்சியைக் கொண்டு பெயரிட்டது. செவியின் கணக்கு வேறு. அப்பையனுக்கு ‘கடை’, ‘தடை’, ‘சடை’ எல்லாம் ‘அடை’யாகவே கேட்டிருக்கும். இவ்வளவு நாள் எழுத்திலக்கணம் நடத்தியும் எனக்கு இது தோன்றியதில்லை. காதுக்கருவி கிடைத்தது. வியர்வையில் அது கெட்டது, பேட்டரி வாங்கத் தாய் கூப்பன் சீட்டுப் பிடித்தாள், ஆயினும் படித்தான். இன்று மோட்டார்ப் பட்டறையில் பேர் பெற்ற கைக்காரன். ஆனால் பேச்சு பழக வேண்டிய முதல் ஏழாண்டுகள் போனவை போனவைதாம். அவன் பேச்சில் சகரம் இன்றும் இல்லை.

காலத்தின் மதிப்பை உலகம் அறிந்ததும் அண்மையில்தான். 1978-ஆம் ஆண்டில் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற அறிஞர், நலமான உட்செவி ஒலியைக் கேட்பதோடன்றித் தானும் மிக நுண்ணிய ஒலி ஒன்றை எதிரொலி போலத் திருப்பி விடுகிறது என்று காட்டினார். அதை வைத்தே இன்று பிறந்து இரண்டு நாளான குழந்தையின் காதில் சிறு முனையைச் செருகி, அது உறங்கும்போதே சில நிமிடங்களில் சோதித்துவிடுகிறார்கள். ஐயம் இருப்பின் தலையில் மின்வாய்களை ஒட்டிச் செவிநரம்பின் துடிப்பை அளப்பர். ஒரு மாதத்திற்குள் முதற் சோதனை, மூன்று மாதத்திற்குள் முடிவு, ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது இப்போது மருத்துவர் வகுத்திருக்கும் அளவு. எங்கள் பையனுக்கு ஏழு வயதில், அதுவும் என் தொண்டை கட்டியதால் தெரிந்தது!

கருவியும் போதாதபோது, உட்செவியின் நத்தைச் சுருளுக்குள் மின்னிழை செலுத்தி நரம்பை நேரே தூண்டும் காக்ளியர் கருவி இருக்கிறது. மெல்பர்னில் கிரேம் கிளார்க் 1978-இல் தம் பல்வாய்க் கருவியை முதன்முதலாகப் பொருத்தினார். மலேசியாவில் தேசியப் பல்கலைக்கழகம் 1995-ஆம் ஆண்டில் இச்சிகிச்சையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டத்திலேயே ஏழைக் குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. பொருத்திய மறுநாளே பிள்ளை பேசிவிடும் என்று நம்பி வருவோர் ஏமாறுவர். அக்கருவி தருவது ஒலி; ஒலியைச் சொல்லாக்குவது பல ஆண்டுப் பயிற்சி.

மற்றொரு வழியும் உண்டு. அதை மருத்துவர் சிலர் இன்னும் குறைவாக எண்ணுகின்றனர். பினாங்குப் பள்ளியில் வகுப்பில் வாய்ப்பேச்சே விதியாக இருந்தபோதும், பிள்ளைகள் விடுதியில் தங்களுக்குள் கைகளால் பேசி ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். பினாங்குச் சைகைமொழி என்று அறிஞர் இன்று ஆராய்வது அதைத்தான். 1970-களின் பிற்பகுதியில் கல்விமுறை மாறி, மலாய்மொழிக்கான கைக்குறியீடு வகுப்பில் புகுந்தது. 2008-ஆம் ஆண்டு உடற்குறையுற்றோர் சட்டம் மலேசியச் சைகைமொழியைக் காது கேளாதாரின் மொழியாக ஏற்றது. எந்தக் காதுக்கருவியும் பயன்படாத பிள்ளைக்கு, மொழியே இல்லாமல் வளர்வதைக் காட்டிலும் கையில் ஒரு மொழி இருப்பது எவ்வளவோ மேல். ஏழாண்டு மொழியின்றி இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆதலால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆயினும் தமிழாசிரியனுக்கு இதில் ஒரு முள் உண்டு. பள்ளியில் கைக்குறியீடு மலாய். மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி பெரும்பாலும் மலாய் அல்லது ஆங்கிலம். வீட்டில் பாட்டி தமிழ். ‘பிள்ளை குழம்பிவிடும், ஒரு மொழி மட்டும் பேசுங்கள்’ என்று பெற்றோருக்கு நெடுநாள் அறிவுரை கூறினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறியும், குடும்பங்கள் புந்தோங்குக்கும் ஈப்போப் புறநகர்களுக்கும் வந்த பின், அந்த ஒரு மொழி தமிழாக இருந்ததை நான் அரிதாகவே கண்டேன். வீட்டுமொழி தடையன்று, தாய் தன் மொழியில் பேசிக்கொண்டே இருப்பதுதான் நல்லது என்று வல்லுநர் பலர் இப்போது கூறுகின்றனர். அச்செய்தி இன்னும் லயத்து வாசலுக்கும் அடுக்குமாடிப் படிக்கட்டுக்கும் முழுதாக வந்து சேரவில்லை.

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு தாய் பாலர் வகுப்புக்கு மகனை அழைத்து வந்தாள். காதின் பின்னால் கருவி. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதே கண்டறிந்துவிட்டார்களாம். வெளியே ஒரு லாரி ஒலியெழுப்பிச் சென்றது. பையன் சன்னலைப் பார்த்தான். படிவத்தை நிரப்பிக்கொண்டே அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “சார், கிளினிக்கில மலாய் மட்டும் போதும்னாங்க. நான் தமிழ்லதான் பேசறேன். இவனுக்குத் தமிழ் வருமா?” நான் பையனுக்கு எதிரே, வெளிச்சம் என் முகத்தில் விழுமாறு நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, அவன் பெயரைக் கேட்டேன். சொன்னான். முதலெழுத்து சகரம்.